பிரிஜிட் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை

பிரிஜிட் அக்கா தன் தேநீர்க் கோப்பையை வேலை செய்யும் இடத்தில் விட்டுவிட்டு வரமாட்டார். மாலையில் கழுவித் துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்த பிறகுதான் வேனில் ஏறுவார். மறுநாள் காலையில் அதே கோப்பை அதே துண்டோடு திரும்பி வரும். பதினோரு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இதைப் பார்த்து வந்தேன். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"நம்ம ஏஜென்சி ஆளுங்க, திலகா. நாளைக்கு இந்த கம்பெனிக்குப் போவாதன்னு சொல்லிட்டா, கோப்பைய எடுக்க யாரு வருவா?" என்றார்.

உண்மைதான். ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு நல்ல குடை ஒன்று அப்படித்தான் போனது.

நாங்கள் இருவரும் பெம்பான் என்ற ஊரில் ஒரே வரிசை வீடுகளில் இருக்கிறோம். எங்கே ஆள் தேவையோ அங்கே ஏஜென்சியின் வெள்ளை வேன் எங்களைக் கொண்டு போய் இறக்கும். மூன்று மாதம் பிஸ்கட், ஆறு மாதம் கையுறை, பிறகு காருக்கான ஒயர்களைக் கட்டும் வேலை. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட எனக்கு ஏஜென்சி நன்றாகவே ஒத்துப்போனது. நேர்காணலில் யார் முன்னாலும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்கு அது ஒத்துப்போனதற்குக் காரணம் வேறு. பெயர் பதியும்போதே, "ஞாயித்துக்கெழம மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, மத்த நாள்ல எங்க வேணும்னாலும் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அவர்களும் கூப்பிட்டதில்லை.

அக்கா பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரு சிறிய மாதா கோயில் இருக்கிறது. இருபது குடும்பங்கள். பாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவர்களாகவே கூடி ஜெபம் செய்வார்கள், அக்கா பாட்டு எடுத்துக் கொடுப்பார். ஒரு வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, செலினா என்பவர் எடுத்துக் கொடுத்தாராம். ஆரம்பமே உச்ச ஸ்தாயியில். இரண்டாவது வரியில் ஆண்கள் நின்றுவிட்டார்கள், மூன்றாவது வரியில் பெண்களும். கடைசியில் செலினா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தாராம். "அன்னைக்கு மாதாவே காத பொத்திக்கிட்டாங்க" என்பார் அக்காவின் கணவர் எட்வின் அண்ணன். நான் முருகன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இந்தக் கதையை வேனில் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

போன வருடம் ஒயர் தொழிற்சாலையில் எட்டு மாதம் ஓடியிருந்தபோது, அக்காவின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நிரந்தர வேலை. ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று மாலை வேனில் கூச்சல்தான்.

"என்னாக்கா யோசன? பட்டுனு சைன் போடுங்க" என்றான் பின்னால் உட்காரும் கோகுலராஜ். "லீவு போட்டாலும் சம்பளம் வரும், போனஸ் இருக்கு, பேரு போட்ட சட்ட தருவான்."

"பெரிய சட்ட!" என்றார் வேன் ஓட்டும் காளிமுத்து அண்ணன். "ஏஜென்சியில என்னா கொறச்சல்? சூப்பர்வைசர் புடிக்கலையா, மூணு மாசத்துல டாட்டா. பெர்மனன்னா அதே மூஞ்சிய பென்ஷன் வயசு வரைக்கும் பாக்கணும்லா."

"ஒங்க மூஞ்சிய பதினோரு வருஷமா பாக்குறோம், செத்தா போயிட்டோம்?" என்றார் அக்கா.

வேனே சிரித்தது. அக்கா சிரிக்கும்போதும் பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கடிதம் அதற்குள்தான் இருந்தது.

எட்வின் அண்ணனின் இரண்டு கண்களிலும் புரை. லாரி ஓட்டுவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அக்கா கூடப் போனால் ஏஜென்சியில் அன்றைய சம்பளம் கிடையாது. நிரந்தர வேலையென்றால் கணவரின் ஆபரேஷன் செலவைக் கம்பெனியே ஏற்கும், சம்பளத்தோடு லீவும் தரும். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. ஐம்பதைத் தாண்டியவர்களை ஏஜென்சி அதிகம் கூப்பிடுவதில்லை என்பதையும் நாங்கள் பார்த்திருந்தோம்.

ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், வாராந்திர ஓய்வு நாள் மாறி மாறி வரும் என்று போட்டிருந்தது. அப்படியானால் முக்கால்வாசி ஞாயிறுகள் போய்விடும்.

"கண்ணா பாட்டான்னு கேட்டா, கண்ணுதான். அது எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா என்னிடம். "ஆனா அங்க எல்லாரும் வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க, திலகா."

அக்கா செய்த அடுத்த காரியம் ஏஜென்சி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. கழிவறையில் தண்ணீர் வராவிட்டாலும் நாங்கள் தொழிற்சாலையில் சொல்லமாட்டோம், ஏஜென்சிக்குத்தான் சொல்வோம். அதே பழக்கத்தில், எங்களைக் கவனிக்கும் நிவேந்திரனுக்குப் போன் போட்டு, "தம்பி, கம்பெனிக்காரங்ககிட்ட பேசி ஞாயித்துக்கெழம லீவு வாங்கிக் குடுங்க, நான் பெர்மனன் ஆயிடுறேன்" என்றார்.

ஸ்பீக்கரில் நிவேந்திரன் நம்பாமல் திருப்பிக் கேட்டார்.

"அக்கா, நீங்க என்னை விட்டுட்டுப் போறதுக்கு நானே போய் பேசணுமா?"

"ஆமா தம்பி. நீங்கதான எல்லாம் பேசுவீங்க."

"அடுத்து கல்யாண மொய்யும் நானே வைக்கணும் போல" என்று சிரித்தார் நிவேந்திரன். "இனிமே நீங்கதான்க்கா பேசணும். கேட்டுப் பாருங்க, கடிச்சா திங்கப் போறாங்க?"

அக்கா போனைப் பைக்குள் கடிதத்தின் மேல் வைத்தார். வேன் முழுக்கப் பேசுகிற அந்த மனுஷி, இத்தனை வருடத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் பேசுவது குறைவு. ஆனால் பார்ப்பேன். எங்கள் வரிசையில் சைத்தூன் என்று ஒரு மலாய்க்கார அக்கா, நிரந்தர ஊழியர். பெம்பான் பக்கத்தில் நடக்கும் வியாழக்கிழமை இரவுச் சந்தையில் குவே என்னும் மலாய்ப் பலகாரம் விற்பவர். ஓய்வு நாள் அட்டவணையை ஒட்டும் நாளில் முதல் ஆளாக ஓடிப் போய்ப் பார்ப்பார். வியாழன் ஓய்வு விழாவிட்டால் முகம் சுருங்கிவிடும். பிறகு ஒவ்வொருவரிடமும் போய் நாள் மாற்றிக்கொள்ளக் கெஞ்சுவார். எட்டு மாதமாக இதைப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"அக்கா, சைத்தூனுக்கு வியாழன்தான் வேணும். ஞாயிறப் பத்தி அவங்களுக்குக் கவல இல்ல" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத இவ்ளோ நாளு வாயிலேயே வச்சிருந்தியா?"

மறுநாள் கேண்டீனில் அக்கா சைத்தூனிடம், ஞாயிறைத் தனக்குத் தந்து வியாழனை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பாதி கேட்பதற்குள்ளேயே அவர், "போலே, போலே!", தாராளமாக முடியும் என்று மலாயில் சொல்லி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து சூப்பர்வைசர் லிம்மின் அறைக்குப் போனார்கள். கண்ணாடிக்கு வெளியே நான் ஒயரைக் கட்டிக்கொண்டே பார்த்தேன். சைத்தூன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அக்கா முதலில் தரையைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து அவரும் பேசினார். லிம் அட்டவணையை எடுத்து ஏதோ எழுதினார். வெளியே வந்த அக்கா, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அவருக்குத் தலவலி இல்லையாம். இவ்ளோதானா திலகா, கேக்குறதுன்னா?" என்றார். வியர்த்திருந்தது. அன்றே கையெழுத்துப் போட்டார்.

நிரந்தர ஊழியர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. எங்கள் வேன் வரும் அதே நிறுத்தத்துக்குக் கால் மணி நேரம் கழித்து வரும். முதல் நாள், பெயர் போட்ட நீலச் சட்டையோடு நின்ற பிரிஜிட் அக்கா, வெள்ளை வேன் வந்ததும் பேசிக்கொண்டே ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிறவள் என்ற என் பெயர் அன்றோடு போயிற்று. அதிலும் அன்று ஏஜென்சி எங்களை அனுப்பியிருந்தது வேறு பக்கத்திலிருக்கும் பிஸ்கட் தொழிற்சாலைக்கு.

பாதி வழியில் கோகுலராஜ்தான், "அக்கா, அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு பிஸ்கட்டா அடுக்கப் போறீங்க?" என்று கத்தினான்.

"ஐயோ மாதாவே!"

காளிமுத்து அண்ணன் அடுத்த வளைவிலேயே வேனைத் திருப்பினார். "பெர்மனன் ஆளு ஏறியிருக்காங்க, எல்லாம் மரியாதையா ஒக்காருங்க" என்றார். வேலை தொடங்கும் ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒயர் தொழிற்சாலை வாசலில் அக்காவை இறக்கினோம். நாங்கள் பிஸ்கட்டுக்குப் போனபோது இருபது நிமிடத் தாமதம். வேன் டயர் பஞ்சர் என்று நிவேந்திரனே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எட்வின் அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, மறுபடியும் லாரி ஓட்டுகிறார். வியாழன் சைத்தூனுக்கு, ஞாயிறு பிரிஜிட் அக்காவுக்கு. நான் இன்னும் ஏஜென்சியில்தான், இப்போது மறுபடியும் கையுறை. அக்காவுக்குத் தொழிற்சாலையில் பூட்டோடு ஓர் அலமாரி கொடுத்திருக்கிறார்கள். கோப்பை மட்டும் தினமும் வீட்டுக்கு வருகிறது.