மஞ்சள் கறை படிந்த ஐம்பது காசு

போன வாரம் சிலிபினில் ஒரு மளிகைக் கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கினேன். மீதிச் சில்லறையைப் பார்க்காமல் பைக்குள் போடுகிற ஆள் நான் இல்லை. கணக்குப் பார்க்க அல்ல — பழைய காசு ஏதாவது சிக்குமா என்று பார்க்க!

சிக்கியது. நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய ஐம்பது காசு. இப்போதைய ஐம்பது காசு பொன்னிறத்தில் சின்னதாக இருக்கும் அல்லவா? இது வெள்ளி நிறம், பெரியது, கையில் வைத்தால் கனம் தெரியும். இன்றும் செல்லும் காசுதான். ஆனால் கண்ணில் படுவதே அபூர்வம்.

சேகரிக்கிறவன் கண் சும்மா இருக்குமா? உடனே குறை தேடியது. விளிம்பில் ஒரு வெட்டு... விலை பாதி போச்சு. எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் கறை. ஏதோ சாப்பாட்டுக் கடைக் கறியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படம் எடுத்து எங்கள் காசு சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாரிட் புந்தாரில் இருக்கும் நண்பர் ஒருவர், வெட்டு இருந்தாலும் பரவாயில்லை, தான் எடுத்துக்கொள்வதாக எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அதே கடைக்குப் போனேன். எதற்கு? பெருமையடிக்கத்தான். கல்லாவில் இருந்த மணியம் அண்ணேவிடம் காசைக் காட்டினேன். (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் புரியும்.)

அவர் முகம் மாறியது.

"அய்யோ சார், இதத்தான் அந்தப் பொண்ணு ரெண்டு தடவ வந்து தேடிட்டுப் போச்சி. கல்லாவையே கொட்டிப் பாத்துச்சி லா! இருங்க, ஃபோன் அடிக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் ஸ்டெல்லா. முப்பது வயதிருக்கும். காசைப் பார்த்ததும் கடை வாசலிலேயே அழுதுவிட்டார்.

நடந்தது இதுதான். ஸ்டெல்லா கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது இந்து வீட்டில். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, மாமியாரின் புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடைத்திருக்கிறது. அவிழ்த்தார். உள்ளே ஐம்பது காசு. துணியைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டார். காசைப் பர்ஸில் போட்டார். மணியம் அண்ணே கடையில் சாமான் வாங்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"அழுக்குத் துணின்னு நெனச்சேன் சார். எங்க வீட்டுல இந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. யாரும் எனக்குச் சொல்லல."

அது வேண்டுதல் முடிச்சு. மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமியிடம் ஒன்றைக் கேட்பார்கள். கேட்டது நடந்த பிறகுதான் அவிழ்த்து உண்டியலில் போட வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்க்கவே கூடாது.

"வேற பழைய காசு ஒண்ணு தேடிக் குடுத்தேன். அத்தை தொட்டுப் பாத்துட்டு, இது இல்லன்னு வச்சிட்டாங்க. சரியா சாப்பிடவும் மாட்டேங்கிறாங்க. நான் குடுத்தா இனிமே நம்ப மாட்டாங்க. நீங்களே வந்து குடுங்க சார்..."

போனேன். ஸ்டெல்லாவின் மாமியார் செல்லம்மா அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். காசை வாங்கினார். கண்ணால் பார்க்கவில்லை. கட்டை விரலால் விளிம்பைத் தடவினார். வெட்டு தட்டுப்பட்டதும் விரல் அங்கேயே நின்றது.

"என் தம்பி வேலு குடுத்தது" என்றார். "சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற அன்னைக்கு, தோட்டத்துக் கடையில சீனி வாங்கியாரச் சொன்னேன். மீதிக் காசுல இதுவும் இருந்துச்சி. வெட்டுப்பட்ட காசு, போய் மாத்திட்டு வாடான்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சிக்கா, திரும்பி வந்து மாத்தித் தாரேன்னான்."

தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர் அக்காதான். அவன் நல்லபடியாக வீடு திரும்பினால் தோட்டத்து மாரியம்மன் உண்டியலில் போடுவதாக அந்தக் காசை முடிந்து வைத்தார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன்? யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். கோயில் இருந்த இடத்தில் இன்று தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள். அக்கா எத்தனையோ வீடு மாறிவிட்டார். முடிச்சும் கூடவே வந்திருக்கிறது.

இந்தக் காசுக்கா நான் விலை பார்த்தேன்?

"காசு கெடச்சிருச்சி தம்பி" என்றார் அக்கா. "ஆனா முடிச்சு அவுந்துருச்சே. அவன் வராமலே அவுந்துருச்சே..."

ஸ்டெல்லா உள்ளே போய், துவைத்து வைத்த அதே துணியை மறுபடி மஞ்சளில் நனைத்து எடுத்து வந்தார். அக்கா காசை அதில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். முடிய வரவில்லை.

"நீயே முடி ஸ்டெல்லா. அவுத்த கையாலயே முடி."

ஸ்டெல்லா தயங்கினார். பிறகு முடிந்தார். ஒரு முடிச்சோடு நிறுத்தவில்லை — முடிச்சுக்கு மேல் முடிச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

"இப்படி இறுக்குனா அவன் எப்படிடி அவுப்பான்?" அக்கா லேசாகச் சிரித்தார்.

"வரட்டும் அத்தை. வந்து அவரே அவுக்கட்டும்."

என்னை வழியனுப்ப கேட் வரை வந்த ஸ்டெல்லா, வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலு மாமா இப்ப இல்ல சார். கொரோனா சமயத்துலயே போயிட்டாரு. அவருகூட வேல செஞ்சவரு ஃபேஸ்புக்ல தேடிப் புடிச்சி என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு. அப்ப அத்தைக்கு ஹார்ட் ஆப்பரேஷன் முடிஞ்ச நேரம். அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்... இன்னும் சொல்லல."

அந்த முடிச்சை அவர் ஏன் அப்படி இறுக்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதை என் வாரப் பக்கத்தில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வெளிய யாருகிட்டயாச்சும் சொன்னா எனக்கும் கொஞ்சம் பாரம் கொறையும்."

பொய் சொல்லாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி உபதேசம் செய்கிறவன் நான். இந்த வாரம் வாயை மூடிக்கொள்கிறேன். பாரிட் புந்தார் நண்பருக்கும் காசு என்னிடம் இல்லை என்று மட்டும் எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று. சிலிபினில் இது யார் வீடு என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால்... கைகூப்பிக் கேட்கிறேன், அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.