சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருவர் படித்தார்

போன வருடம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. மலேசியாவில், சிரம்பானை அடுத்த கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் கார் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பியவள் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டியவர். அவர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய பழைய கார் வாசலிலேயே நின்றது, ஓட்டத்தான் ஆளில்லை. ஒரு காலத்தில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பன்னிரண்டு வீட்டிலும் நம் ஆட்கள். இப்போது நான் ஒருத்திதான். மற்ற வீடுகளில் சிலவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், மீதி பூட்டிக் கிடக்கின்றன. பஸ்ஸும் நின்றுபோனது. பிரஷர் மாத்திரை வாங்கக்கூட யாராவது மோட்டாரில் ஏற்றிப் போவார்களா என்று காத்து நிற்க வேண்டும்.

கோலாலம்பூரில் இருக்கும் மகன் ஒரே பிடியாக நின்றான். “தீபாவளிக்குள்ள உண்டாங் டெஸ்ட்டாவது பாஸ் பண்ணிக் காட்டுங்க. இல்லேன்னா காரை வித்துட்டு எங்ககூட வந்துருங்கம்மா. அங்க தனியா கெடந்து என்னா பண்ணப் போறீங்க?”

அவன் வீடு பதினான்காவது மாடி. தோட்டத்து நர்சரியில் நாள் முழுக்கச் செம்பனைக் கன்றுகளோடு கிடந்தவள், அங்கே போய் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆறு மாதம் தாங்க மாட்டேன். எனக்கோ பொல்லாத ரோஷம். “எடுத்துக் காட்டுறேன்டா” என்று சொல்லிவிட்டேன்.

உண்டாங் என்பது சாலை விதிகளைக் கம்ப்யூட்டரில் கேட்கும் பரீட்சை. ஐம்பது கேள்விக்கு நாற்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும். மகன் கைப்பேசியில் பயிற்சிக் கேள்விகளை மலாயில் ஏற்றிக் கொடுத்திருந்தான். வேலை முடிந்து வந்து, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். கேள்வியைப் படித்து, என் விடையைச் சொல்லி, தப்பென்றால் என்னையே திட்டி, சரியான விடையையும் உரக்கச் சொல்வேன். மனதில் ஏறட்டும் என்றுதான் அப்படி. ஆனால் உண்மையைச் சொன்னால், வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் போலிருந்தது. என் குரலானாலும் பரவாயில்லை.

ஒரு மாதம் படித்துவிட்டு சிரம்பானுக்குப் போய் எழுதினேன். முப்பத்தொன்பது! தோட்டத்துப் புத்தி காலை வாரிவிட்டது. சந்தியில் காரும் லோரியும் நிற்கிற படம், யார் முதலில் போக வேண்டும் என்று கேள்வி. எங்கள் தோட்டத்தில் ஒரே சட்டம்தான்: செம்பனைப் பழ லோரி வந்தால் யாராக இருந்தாலும் ஒதுங்கு. இருபத்தைந்து வருடம் லோரிக்காரர் பெண்டாட்டி வேறு. கை தானாக லோரியை அழுத்திவிட்டது. வளைவில் ஹார்ன் அடி, திரும்பும்போது கையை ஆட்டு என்று எல்லாவற்றுக்கும் தோட்டத்து வழக்கத்தையே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

மகனிடம், “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுப்பா, வேற நாள் வரச் சொல்லிட்டாங்க” என்று புளுகினேன். போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போனவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, என்னை மட்டும் எதற்கு விட்டுப் போனீர் என்று ஒப்பாரியே வைத்தேன். கேட்கத்தான் யாருமில்லையே என்ற தைரியம்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி கைப்பேசியை எடுத்தேன். அதே சந்திக் கேள்வி. “லோரி” என்றேன் சத்தமாக.

“சாலா, அக்கா. சாலா.”

தூக்கிவாரிப் போட்டது. தப்பு, தப்பு என்று மலாயில் ஓர் ஆண் குரல்! எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுவில் இருப்பது பலகைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டுக்கு பங்களாதேஷ்காரர் ஒருவர் கூட்டாளிகளோடு வந்து எட்டு மாதமாகியிருந்தது. லோரியில் பழம் ஏற்றுகிறவர், நாற்பது வயதிருக்கும். வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அவர் வந்த பிறகு கதவுக்கு இன்னொரு பூட்டுகூட வாங்கிப் போட்டிருந்தேன்.

“கார்தான் முதல்ல, அக்கா. வலது பக்கத்திலிருந்து வருதுல்ல” என்றார் உடைந்த மலாயில்.

“லோரியில பழம் ஏத்துற நீயே இப்படிச் சொல்றியா?” என்று நானும் மலாயில் கத்தினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடமாக என் வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

அதற்கப்புறம் நான் கேள்வி வாசிப்பேன், அவர் அங்கிருந்து விடை சொல்வார். என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே அத்தனையும் மனப்பாடம். “நீயே போய் எழுதலாம் போலிருக்கே” என்றதற்கு, “எங்கள மாதிரி வெளிநாட்டு ஆளுக்கு லைசென்ஸ் எங்க தருவாங்க, அக்கா” என்றார்.

அடுத்த முறை நாற்பத்தேழு. மகனுக்குப் போன் போட்டேன். “சரிம்மா, கார் அங்கேயே இருக்கட்டும்” என்றான். ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கைப்பேசியைத் தொடவில்லை. சோறு வடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பலகையில் மெதுவாகத் தட்டும் சத்தம். “அக்கா, இன்னிக்குப் படிக்கலையா?”

“பாஸ் ஆயிட்டேனே! இனி எதுக்கு?”

“ஓ... நல்லது அக்கா” என்றார். அவ்வளவுதான். நான் தட்டில் சோறு போட எழுந்தபோது, “கூட இருந்தவங்களை வேற தோட்டத்துக்கு மாத்திட்டாங்க. நீங்க படிக்கிறப்போ மட்டும்தான் வீட்டுல ஆள் சத்தம் கேக்கும்” என்றார்.

“அப்போ... அன்னிக்கு நான் அழுததும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அக்கா. என்ன சொல்றதுன்னு தெரியல. கேள்விக்குத்தான் எனக்கு விடை தெரிஞ்சது.”

கைப்பேசியை எடுத்து முதல் கேள்வியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் ஓட்டும் டெஸ்ட்டும் பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்துவிட்டேன்; இப்போது மாத்திரை வாங்க நானே கார் ஓட்டிப் போகிறேன். ஆனாலும் ‘எனக்கென்று யாரிருக்கிறார்கள்’ என்று நாக்கு நுனி வரை வரும்போதெல்லாம், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் என் அழுகையைக் கேட்டபடி, ஆறுதல் சொல்ல வார்த்தை தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்து, வாயை மூடிக்கொள்கிறேன்.