கடைசிப் பாட்டுக்கு ஒரு கேட்

கச்சிராயபாளையத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது வளர்மதியின் கணவர் போன் செய்தார். "அண்ணே, வளரு போயிட்டாண்ணே. காலைல நல்லா பேசிக்கினு இருந்தா..." கல்வராயன் மலைப் பெண்கள் பாடிய பாட்டுகளை நானும் வளர்மதியும் ஆல்பமாக்கிக்கொண்டிருந்தோம். கடைசிப் பாட்டு அவளிடம் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்துபோன உங்களுக்குத் தெரியும்: ஒலிப்பதிவு என் வேலை, பதிவானதை மெருகேற்றி வெளியீட்டுக்குத் தயாராக்கும் மாஸ்டரிங் அவள் வேலை. 'அவர்' என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

ஒலியைத் திருத்தும் கருவிகளில் எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம். நான் எடுத்தவுடன் கம்ப்ரஸரைப் போட்டு ஏற்ற இறக்கத்தை அடக்குவேன். அவள் ஈக்வலைசரை முன்னால் வைத்து, மைக்கில் மோதிய மலைக்காற்றின் உறுமலை முதலில் எடுப்பாள். "அழுக்கத் தொடச்சிட்டு அமுக்குங்கண்ணே. அழுக்கோட அமுக்குனா அதுவுந்தான் மேல வரும்." மறுவாரம் இன்னொரு பாட்டுக்கு அவளே கம்ப்ரஸரை முன்னால் வைத்தாள்.

"உன் சட்டம் இன்னா ஆச்சு?" என்றேன்.

"பாட்டக் கேட்டுத்தாண்ணே வரிச. நம்ம வழக்கத்துக்கு அது வளையுமா?"

நானும் ஜெயித்ததுண்டு. ஒருமுறை பாட்டில் பளபளப்பை ஏற்றிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள். "சத்தம் ஜாஸ்தியானதுல ஏமாந்துட்ட. ரெண்டையும் ஒரே அளவுல வெச்சிக் கேளு," என்றேன். கேட்டாள். "அய்ய, காது குத்துதுண்ணே!" என்று மொத்தத்தையும் எடுத்துப்போட்டாள்.

காரியம் முடிந்ததும் அவள் கணினியைத் திறந்தேன். மலையில் பாடியவர்கள் காத்திருந்தார்கள். கடைசிப் பாட்டின் வரிசையில் முதல் ஆளாக ஒரு கேட் நின்றது. மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் கருவி அது. வளர்மதிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பாடறவங்க மூச்சையும் சேத்து முழுங்கிடும்" என்பாள். அவளே போட்டிருக்கிறாள். ஏன் என்று சண்டைபோட ஆளில்லை. அதுதான் தாங்கவில்லை. கேட்டை அணைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டேன்.

பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் இன்னொரு குரல். பதிவின்போது மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளர்மதி தன்னை மறந்து கூடவே முனகியிருக்கிறாள். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. யாருக்கும் தெரியாமல் அதை மறைக்கத்தான் கேட்.

கேட்டைத் திரும்பப் போட்டு, அவள் வைத்த வரிசையில் ஒன்றையும் தொடாமல் பாட்டை மலைக்கு அனுப்பினேன். கேட் போடாத பிரதியை நான் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் பாடி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "இன்னா வளரு, பாட்டெல்லாம் பாடற?" என்று கிண்டல் செய்ய வேண்டும்.