மழைப்பாட்டில் காணாமல் போன சத்தம்

ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை. எதிர் முனையைப் பிடிக்கும் உயரமான பெண், "கொஞ்சம் காலை ஊன்றி நில்லேன், எனக்குத் தலை சுத்துது" என்று தினமும் கெஞ்சுவாள். பம்பரம் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவள் தலைக்குள் ஏதோ ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். கால் அதற்குப் பதில் சொல்லும்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்பதும் ஊரறிந்த கதைதான். இளம் வயதில், மேசை நாற்காலிக் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறு மதியங்களில் டெக்னோ போடுவார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, வெளியே வெயில் கொளுத்தும்போதே உள்ளே இருட்டாக்கிவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும், தம்பியையும் கூட்டிப் போக வேண்டும் என்று அப்பா நிபந்தனை போட்டிருந்தார். தம்பி முதல் வாரம் அழுதுகொண்டே வந்தான். மூன்றாவது வாரம் அக்காவுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

இயந்திரத்தில் செய்த இசை அது. ஆளே இல்லாத டிரம், ஆளே இல்லாத வீணை என்று அப்பா கேலி செய்வார். அதில் ஒரு பாட்டு இருவருக்கும் உயிர். பாட்டு என்று பேர்தானே தவிர வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. கீழே ஒரே சீரான இடி. அதன் மேல், தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதுபோல, மெல்லிய சத்தம் ஒன்று வந்து வந்து போகும். மழைப்பாட்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மாடியில் பாட்டுப் போடுகிறவரைக் கெஞ்சி ஒரு கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். கல்யாணமாகி வீடு மாறி, பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேசட் அவளிடம்தான் இருந்தது.

தம்பி அதையே தொழிலாக்கிக்கொண்டான். விருந்து மண்டபங்களில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவது அவன் வேலை. ஆனால் போடுவதெல்லாம் புதுசு. அதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆகாது.

"ஏண்டா, இது பாட்டா? யாரோ பீரோவை இழுத்து நகர்த்துற மாதிரி இருக்கு."

"அக்கா, அதுக்குப் பேர் பேஸ், அடியில அதிர்ற சத்தம். இப்ப எல்லாரும் அதுக்குத்தான் ஆடுறாங்க."

"எங்க ஆடுறாங்க? ஆடிக்கிட்டிருக்கும்போதே நடுவுல நிறுத்தி ஆளை அந்தரத்துல தொங்க விட்டுடுறான். நம்ம காலத்துல ஆரம்பிச்சா ஆரம்பிச்சதுதான்."

"நம்ம காலமா? நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். இதுவும் என் காலம்தான்."

இப்படிப் பேசியே அவர்களுக்குப் பொழுது போனது. பேசாமல் போனது ஒரு பென் டிரைவால்.

கேசட்டின் நாடா நைந்து முறுக்கிக்கொள்ள ஆரம்பித்ததும், தம்பியே கேட்டு வாங்கிப் போய்க் கணினியில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். அவள் ஆசையாக அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். இடி வந்தது. மழையைக் காணோம். மறுபடி போடச் சொன்னாள். ஒலியைக் கூட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வரவே இல்லை.

"மேல வர்ற சத்தம் எங்கடா?"

"வருதே அக்கா. இதோ, இப்பகூட."

"எனக்கே காது குத்துறியா? வெட்டிட்ட. உன் புதுப் பாட்டு மாதிரி இருக்கணும்னு மேல இருந்ததை வெட்டிட்டு, அடியில பம்பம்னு ஏத்தி வச்சிருக்க."

தம்பி முதலில் சிரித்தான். அப்புறம் சத்தியம் செய்தான். அப்புறம் அவனுக்கும் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "உனக்கு நான் எது செஞ்சாலும் குத்தம். பழசையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் போனவன், பிறகு போன்கூடப் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை.

அந்த மாதங்களில் அவளோடு குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும் அவதி. குடியிருந்தவர் என்றால் அவள் கணவர் ஒருவர்தான். பள்ளி வேன் ஓட்டுபவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் ஹெட்போனை மாற்றினாள். பழைய ஸ்பீக்கரைத் தூசி தட்டி இறக்கினாள். அலமாரியின் மேல் வைத்தாள், தரையில் வைத்தாள், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். இணையத்தில் தேடி, யாரோ முகம் தெரியாதவர் ஏற்றி வைத்திருந்த அதே பாட்டைக் கண்டுபிடித்தாள். அதிலும் மழை இல்லை.

"பாத்தீங்களா, உலகம் பூரா வெட்டிட்டானுங்க" என்றாள் கணவரிடம்.

டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் லேசாக நிமிர்ந்தார். "டிவியைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அவள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், மேசை விரிப்புகள் உலர்த்தும் இயந்திரத்தில் ஓடி முடிந்து நின்றிருந்தன. நின்றால் சூட்டோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழுந்து மறுபடி நனைக்க வேண்டிவரும். அவள் பக்கத்திலேயே துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். உயரமான பெண் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அது கத்திக்கிட்டே இருக்கு, நீ பாட்டுக்கு மடிச்சிக்கிட்டு நிக்கிறியே!"

"எது கத்துது?"

"மெஷின்தான். வேலை முடிஞ்சா பீப் பீப்னு அடிக்குமே."

"அது ரிப்பேராச்சே. ரொம்ப நாளா அடிக்கிறதே இல்லை."

உயரமான பெண் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. பக்கத்து மேசையில் இருந்த இன்னொருத்தியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நொடியில். சற்றுப் பொறுத்து மறுபடியும். பம்பரம் இயந்திரத்தின் கதவில் காதை வைத்தாள். சூடு மட்டும் கன்னத்தில் ஏறியது.

அவள் விரிப்புகளை எடுத்துப் போட்டாள். தேநீர் இடைவேளையில் உயரமான பெண்ணை மாடிப்படி ஓரம் இழுத்துப் போய், ஹெட்போனை அவள் காதில் மாட்டினாள்.

"இதுல மேலாக்க ஏதாவது சத்தம் வருதா?"

பாட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வெகு தூரம். இருந்தாலும் கவனமாகக் கேட்டாள். "வருதே. ஊசியால டம்ளரைத் தட்டுற மாதிரி. நல்லாத்தான் இருக்கு. என்ன பாட்டு இது?"

பம்பரம் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு மிச்ச வேலை முழுவதும் தாளம் தலைக்குள் ஓடவில்லை. உருளையின் எதிர் முனையில் நின்ற பெண், இவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்தே போனாள்.

காது பரிசோதனை செய்பவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஆரம்பத்தில் அழுத்தினாள். அப்புறம் வெகுநேரம் கை சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல்கள் மட்டும் எதையெதையோ திருகிக்கொண்டிருந்தன.

"சத்தமான இடத்துல வேலையா?"

"சத்தமில்லாத இடத்துல எவன் வேலை தர்றான்?"

"சின்ன வயசுல பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு பாட்டு கேட்ட பழக்கம் உண்டா?"

கறுப்புத் துணி கட்டிய ஜன்னலும், அதற்குப் பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கரும், அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தான் நின்றதும் அவள் கண் முன்னால் வந்தன.

"இல்லை" என்றாள்.

தம்பியைப் பார்க்கப் போவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாதி வழி போய்த் திரும்பினாள். மறுநாள் மண்டப வாசல்வரை போய், எதிர்ப்பக்கக் கடையில் வேண்டாத சீப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒரு விடுமுறை மதியம் உள்ளேயே போய்விட்டாள். விருந்து மாலையில்தான். மண்டபத்தில் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. தம்பி மரத்தரையில் மண்டியிட்டு வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அதிசயம்" என்றான், நிமிராமலே.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். இந்த ஸ்பீக்கரை ஏன் மூலைக்குத் திருப்பி வச்சிருக்க? சுவருக்கா பாட்டு?"

"இன்னும் வச்சு முடிக்கல."

அவள் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நாற்காலி அடுக்கை நேராக்கினாள். திரைச்சீலையை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "நீ வெட்டல."

"என்னது?"

"நீ வெட்டலைன்னு சொல்றேன். உனக்குக் காது கேக்கலையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் இருமினாள். தம்பி வயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். கேட்டுத் தெரிந்துகொண்டான். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும்போல. டிவியைக் குறைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டார்."

தம்பி ஒரு புதுப் பாட்டைப் போட்டான். சோதனைக்காகத்தான் போட்டான், வேறு எண்ணம் இல்லை. மரத்தரை வழியாக அது உள்ளங்காலில் ஏறி, முழங்காலைத் தாண்டி வயிற்றில் வந்து உட்கார்ந்தது. பம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஒரு சத்தம்கூடத் தப்பவில்லை. பீரோவை இழுக்கிற மாதிரி இருந்ததற்குள்ளே இத்தனை மடிப்பு இருக்கிறதா என்று தோன்றியது.

"எப்படி?"

"முழுசா கேக்குது. அதான்டா எரிச்சலா இருக்கு. பிடிச்சது கேக்க மாட்டேங்குது, பிடிக்காதது கால் வழியா ஏறி வருது."

பிறகு மழைப்பாட்டைப் போட்டான். கணினித் திரையில் அது மலையும் பள்ளமுமாக ஓடியது. "அது எப்படி வரும்னு ஞாபகம் இருக்கா? பாடு பார்ப்போம்."

என்ன கேள்வி! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே. இடியைக் காலால் பிடித்துக்கொண்டு, சரியான இடம் வந்ததும் மெல்லிய குரலில் எடுத்தாள். தம்பியின் முகம் மாறியது.

"அங்க வராதே அக்கா. இன்னும் நாலு தட்டு தள்ளித்தான் வரும். கடைசியில மேல போகாது, கீழ இறங்கும்."

"உளறாத. எனக்குத் தெரியாததா?"

அவன் திரையில் விரலை வைத்துக் காட்டினான். இதோ ஆரம்பம், இதோ முடிவு. அவள் குனிந்து பார்த்தாள். மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடத்தில், அவள் இடத்தில்தான் வந்தது. எத்தனையோ வருஷமாகத் தலைக்குள் ஓடிய மழை எப்போது தடம் மாறியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காது மங்க மங்க, விட்டுப்போன இடத்தையெல்லாம் அவளே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ நான் எதைடா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

தம்பி அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அவளுக்குக் கேட்கும் அளவுக்குக் கனமாக்கிப் போட்டுக் காட்டினான். தூறலுக்குச் சளி பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழிச்சிடு" என்றாள். அவன் அழித்தான்.

காதுக்கருவி வந்த முதல் நாள் சலவைப் பிரிவு நரகமாக இருந்தது. நீராவி காதுக்குள் சீறியது. பீப் சத்தத்துக்கு அவளும் மற்றவர்களோடு சேர்ந்து முகம் சுளித்தாள். வீட்டில் கணவர் தட்டில் கரண்டி வைக்கும் சத்தமும், வாய் திறப்பதற்கு முன்னால் அவர் போடும் சின்னக் கனைப்பும் கேட்டன. இத்தனை நாளாக மனுஷன் ஊமை என்று நினைத்திருந்தது தப்பு. அவர் தனக்குள்ளே முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பெரும்பாலும் அவளைத் திட்டித்தான். பாட்டுக்கு மட்டும் கருவி உதவவில்லை. மழைப்பாட்டு அதன் வழியாகத் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. வேலைக்கு மாட்டிக்கொள்வாள், பாட்டுக்குக் கழற்றிவிடுவாள்.

இப்போது விடுமுறை மதியங்களில் மண்டபத்துக்குப் போகிறாள். வெறுங்காலோடு மரத்தரையில் நடந்து, எந்த மூலையில் அதிர்வு குழம்புகிறது, எங்கே தெளிவாக நிற்கிறது என்று சொல்கிறாள். தம்பி ஸ்பீக்கரை அவள் சொல்கிற இடத்துக்கு நகர்த்துகிறான். சண்டைக்கும் குறைவில்லை. போன வாரம் அவன் தானே செய்த பாட்டு இரண்டைப் போட்டுக் காட்டி, எது தேவலை என்று கேட்டான்.

"ரெண்டும் கண்றாவி. ரெண்டாவது கொஞ்சம் பரவாயில்லை."

அன்று மாலை விருந்தில் அவன் இரண்டாவதைத்தான் போட்டான். விருந்தாளிகள் வர ஆரம்பித்ததும் கிளம்ப வேண்டியவள், ஸ்பீக்கருக்குப் பின்னால் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றாள். தம்பி கையைக் காட்டிக் கூப்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருப்பு கிடைத்த பிறகும் அதை மாட்டிக்கொள்ளவில்லை.