அக்கா இல்லாத படம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தியேட்டருக்கு வருகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. "அக்கா, அடுத்து என்ன படம் வருது?" என்று கேட்டுக் கேட்டே அவளை 'வருதக்கா' ஆக்கிவிட்டார்கள்.

தியேட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துணிக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு கதவு. உள்ளே ஒரே திரை. கூட்டம் கொஞ்சம் கூடினாலும் கடைசி ஆள் படியில்தான் உட்கார வேண்டும். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் பல் பிடுங்குவார், சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பார். பெரிய தியேட்டர்கள் தொடாத படங்களைத் தேடிப் பிடித்து, அடுத்த மாதம் எதை ஓட்டுவது என்று முடிவு செய்வது வருதக்காவின் வேலை. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி, வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் 'வரும் படங்கள்' என்று ஒட்டுவாள். தான் பார்க்காத படத்துக்கு ஒரு வரிகூட எழுத மாட்டாள். "ருசி பாக்காம பரிமாறுவாங்களா?" என்பாள்.

அந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறினாள், தம்பிக்காக.

தம்பி ஊர் ஊராக அலைந்து, கைக்கும் வாய்க்கும் எட்டாத பிழைப்பு பிழைத்து, ஒருவழியாக முதல் படத்தை முடித்திருந்தான். எந்தத் தியேட்டரும் கதவைத் திறக்கவில்லை. "ஒரு வாரம் போடுக்கா, போதும்" என்றான் போனில். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, தம்பி அனுப்பிய போஸ்டரைப் பெட்டிக்குள் ஒட்டினாள். கதை என்னவென்று அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தை நாலாக நீட்டி எழுதினாள்: தாயில்லாத வீட்டில் ஒரு சிறுவன், ஒரு வருடம்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருதக்காவும் அம்மாவும் தியேட்டருக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரியிலிருந்து மாடிப்படி கூட்டுகிறவர் வரைக்கும், "என் பையன் படம் வருது, வந்துடுங்க" என்று சொல்லித் தீர்த்துவிட்டாள். முதல் காட்சிக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்புகூட வாங்கியாயிற்று.

படம் கைக்கு வந்த மத்தியானம், வருதக்கா அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்.

பாதி தாண்டுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவர்கள் வீடு. அவளுக்கு ஒன்பது வயதாகவும் தம்பி நடக்கப் பழகிய பிள்ளையாகவும் இருந்தபோது, அம்மா ஒரு விடிகாலையில் காணாமல் போனாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். "நெஞ்சுல சளி, ஆஸ்பத்திரியில இருக்கா" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். வந்த பிறகும் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அப்பா செத்த வீட்டில் சித்தி ஒருத்தி, "உங்கம்மா ஓடிப் போனவதானே" என்று தம்பி காதில் போட்டுவிட்டுப் போனாள். அந்த ஒற்றை வார்த்தைக்குத்தான் அவன் கையும் காலும் வைத்திருந்தான். படத்தில் அம்மா ஒரு லாரி ஓட்டுநரோடு போகிறாள். சிரித்துக்கொண்டே போகிறாள்.

இன்னொன்றும் இருந்தது. படத்துச் சிறுவன் தனிப்பிள்ளை. அந்த ஒரு வருடம் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டே பாடம் படித்தவள் அந்த வீட்டில் எங்குமே இல்லை.

தம்பியை வரச்சொன்னாள். வந்தவன் சிரித்த முகமாக, "எப்படிக்கா?" என்றான்.

"அம்மா தெருவுல தலைகாட்ட வேணாமாடா?"

"அது கதைக்கா. அம்மா பேரு எங்கயாவது வருதா?"

"பேரு வேற வேணுமா? நம்ம வீடு, நம்ம மாடிப்படி, நம்ம நீல வாளி எல்லாம் இருக்கே."

அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பையனுக்கு ஒரு அக்கா இல்லையா?"

"எழுதிப் பாத்தேன்க்கா. ரெண்டு பிள்ளைங்கன்னா கதை சிதறுது. தனியா இருந்தாத்தான் மனசுல நிக்கும்."

அவன் போன பிறகு, தன் கோபம் அம்மாவுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதுதான் அவளை அதிகமாக அரித்தது.

டாக்டரிடம் போய், "அந்தப் படத்தைத் தூக்கிடலாம் டாக்டர்" என்றாள்.

"ஏம்மா, மோசமா இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. "இல்ல. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? டிக்கெட் கேட்டு ஆளுங்க வந்துட்டிருக்காங்க."

காரணத்தைச் சொன்னால் அம்மாவைச் சொன்னதாகிவிடும். "சும்மா கேட்டேன்" என்று திரும்பிவிட்டாள்.

கடைசியில், படம் வெளியாவதற்கு முன்னால் வந்த ஒரு காலையில், அம்மாவைப் பூட்டிக் கிடந்த தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். "கூட்டத்துல உனக்கு மூச்சு முட்டும், இப்பவே பாத்துடு" என்று சாக்குச் சொன்னாள். அம்மா புதுச் செருப்போடு வந்து நடுவரிசையில் உட்கார்ந்தாள். வருதக்கா இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அம்மாவின் பின்தலையையே பார்த்தாள். அது கடைசிவரை அசையவே இல்லை.

விளக்குப் போட்டதும் அம்மா சொன்னாள்: "அந்தப் பையன் நல்லா நடிச்சிருக்கான்."

"அம்மா..."

"அந்த லாரிக்காரன் யாருடி?"

"யாரும்மா?"

"அதான் கேக்குறேன். அப்படி ஒருத்தன் இருந்திருந்தா நான் ஏன் திரும்பி வரப்போறேன்?"

வருதக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தம்பி பிறந்ததிலிருந்தே அவளுக்கு எதுவும் பிடிக்காமல் போயிருந்தது. தூக்கம் கிடையாது. பிள்ளைகள் அழுதால் கை நடுங்கும். "ஒருநாள் பால் கொட்டிட்டன்னு உன்னை அடிச்சேன். அடிச்சேன்னா, நிறுத்த முடியல. என் கை என் பேச்சைக் கேக்கல. ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா."

"இல்லன்னா நல்லது. மறுநாள் விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன். இன்னும் ஒருநாள் இருந்தா என்ன பண்ணுவேனோன்னு பயம். தெரியாத ஊர்ல பிஸ்கட் கம்பெனியில வேலை. பொம்பளைங்க ஆறேழு பேரு ஒரே ரூம்ல. வேலை முடிஞ்சா தூங்குவேன். வேற ஒண்ணும் பண்ணல. தூங்கித் தூங்கித்தான் தெளிஞ்சேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருதான் வந்து கூப்பிட்டாரு. ஒரு வார்த்தை கேக்கல, பாவம்." பிறகு, "உன்னை ஏன்டி அவன் படத்துல வைக்கல?" என்றாள்.

"கதை சிதறுமாம்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நீ இல்லன்னா அவன்தான்டி சிதறிப் போயிருப்பான்!" அதைச் சொல்லும்போதுதான் அம்மாவுக்குக் குரல் உடைந்தது.

"அவன்கிட்ட உண்மையைச் சொல்லட்டுமா? அந்த லாரிக்காரனை மாத்திடச் சொல்றேன்."

"வேணாம். சொன்னா அதையும் ஒரு படம் எடுத்துடுவான். ஓடட்டும் விடு. பிள்ளை பட்ட பாட்டுக்கு ஏதாவது கெடைக்கட்டும்."

படம் ஓடியது. முதல் காட்சிக்கு அம்மா வரவில்லை, முழங்கால் வலி என்றாள். முடிந்ததும் ஒரு ஆள் எழுந்து, "இது உண்மைக் கதையா?" என்று தம்பியைக் கேட்டான். தம்பி வாசல் ஓரம் நின்ற அக்காவைப் பார்த்தான், பிறகு தலை குனிந்து, "பாதி" என்றான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மருந்துக்கடைக்காரியும் தட்டினாள்.

இரவு வீட்டுக்கு வந்தவனுக்கு அம்மா சாப்பாடு போட்டாள். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நல்லா எடுத்திருக்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றாள். அவன் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவன் அக்காவைப் பார்த்தான். வருதக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்க அவளுக்கு இரண்டு வாய் தண்ணீர் வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில் டாக்டர் உற்சாகமாக வந்து, படத்தை இன்னொரு வாரம் நீட்டிவிட்டதாகச் சொன்னார். வருதக்கா சரி என்று தலையாட்டினாள். அன்று மத்தியானம் வாசலில் நின்றபோது, எதிர்ச்சாரியில் அம்மா நடந்து போவது தெரிந்தது. வழக்கமான மருந்துக்கடையைத் தாண்டி, உள்ளே திரும்பிப் பாராமல், பெரிய சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு மருந்துக்கடை உண்டு. கொஞ்சம் தூரம்தான்.