பாண்டிச்செல்வி உரித்த மலைப்பூ

வாழைப்பூ உரிப்பதில் வில்லாபுரத்தில் தமக்கு நிகர் எவரும் இல்லை என்பது பாண்டிச்செல்வியின் துணிபு. அது வெறும் வாய்ப்பேச்சன்று. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டால், மடல் விலகுவதும், பூ பிரிவதும், நரம்பு கழிவதும், நறுக்கிய பூ மோரில் விழுவதும் ஒரே ஓட்டமாக நடக்கும். கல்யாண மண்டபங்களின் பின்கட்டில் கூடை கூடையாக உரித்துப் பழகிய கை அது.

அந்தப் பின்கட்டுதான் அவருடைய ஆறாத மனக்குறையும்கூட. சமயநல்லூருக்கு அருகில், பிறர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். மணமாகி வில்லாபுரத்துக்கு வந்த பின் ஒரு சமையல் குழுவில் சேர்ந்தார். காய் நறுக்குவதில் தொடங்கி, பொரியல், கூட்டு, ரசம் என்று ஒவ்வொன்றாகக் கைவசமாக்கிக்கொண்டார். ஆனால் பந்தியில் உண்டவர்கள் "யார் சமையல்?" என்று கேட்டால், தலைமைச் சமையல்காரர்தாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போவார். ஒரு வீட்டு விசேஷத்தில், உதவிக்கு வந்திருப்பவர்கள் எந்தத் தெருவினர் என்று வீட்டுக்காரர் விசாரித்துவிட்டுப் போனார்; சற்று நேரத்தில் பாண்டிச்செல்வியை அடுப்படியிலிருந்து எழுப்பிப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வைத்து முடித்திருந்த ரசத்தை மட்டும் எவரும் கீழே கொட்டவில்லை.

அத்தோடு குழுவை விட்டு விலகினார். பசுமலையில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு அனுப்பத் தொடங்கினார். தொழில் நன்றாகவே நடந்தது. ஆயினும் அங்கும் சோறுதான் போயிற்று; அவர் போகவில்லை. நாலு பேர் பார்க்க அடுப்பைப் பற்றவைத்து, தம் கையாலேயே பரிமாறி, தின்பவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

அந்த ஆசைக்கு வழி திறந்தவள் ரூபினா. படிக்கும் காலத்தில் பாண்டிச்செல்வியின் சாப்பாட்டை உண்டு வளர்ந்தவள். இப்போது, நகருக்குள் காய்கறி வணிகம் செய்யும் தன் தந்தை பீர் முகமதுவின் துணையோடு, கொடைக்கானல் மலைக் காய்களை விற்கும் கடையொன்றைப் பசுமலையில் திறந்திருந்தாள். சனிக்கிழமைதோறும் கடை வாசலிலேயே ஒரு காயைச் சமைத்து, வருவோருக்குச் சுவைபார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். சமைக்க நிற்பவர் யார் என்பதில்தான் தந்தைக்கும் மகளுக்கும் இழுபறி.

"அத்தாவுக்கு வெள்ளைத் தொப்பி போட்ட செஃப்தான் வேணுமாம்க்கா," என்றாள் ரூபினா, வில்லாபுரத்து வீட்டுக்கு வந்து. "நான் மல்லுக்கட்டி ஒரே ஒரு சனிக்கிழமை வாங்கியிருக்கேன். அன்னைக்கு வைக்கிற காய் மத்தியானத்துக்குள்ள வித்துப்போச்சுன்னா எடம் ஒங்களுக்கு. இல்லாட்டித் தொப்பிக்காரர் வந்துருவாரு."

"தொப்பி போட்டா வெரசா வெந்துருமாக்கும்? காயக் கொண்டா."

ரூபினா பையிலிருந்து மூன்றை எடுத்து வைத்தாள். தாமரை மொட்டின் வடிவம்; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய, தடித்த பச்சை மடல்கள்; மடல் நுனியில் சிறு முள். "ஆர்டிசோக்குன்னு பேரு. பூக்குறதுக்கு முந்தியே பறிச்சிருவாங்க. வேகவச்சு, எண்ணெய், எலுமிச்சை கலந்த டிரெஸ்ஸிங்கோட சாப்பிடுறது. நானே இன்னும் தின்னு பாத்ததில்ல. வீடியோ அனுப்பவா?"

"அடிப்போடி. பூ உரிக்க எனக்கே படம் காட்டுறியா? நீ கடையப் பாரு, நான் பாத்துக்கிறேன்."

அவள் போனதும் பாண்டிச்செல்வி கையில் எண்ணெய் தடவிக்கொண்டார். முதல் மடலைப் பிய்த்தார். அடியில் பூ இல்லை. அடுத்ததைப் பிய்த்தார், அங்கும் இல்லை. வாழைப்பூவென்றால் மடலுக்கு மடல் ஒரு சீப்புப் பூ இருக்கும். இது மலையில் விளைந்தது அல்லவா, குளிருக்குப் பயந்து உள்ளே ஒளிந்திருக்கும் என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டு விடாமல் பிய்த்தார். மடலெல்லாம் குப்பை வாளிக்குப் போயிற்று. கடைசியில், நடுவே ஊதா நிற முனையோடு, நெருக்கமாக, மெல்லிய இழைகள் தெரிந்தன. "அப்படி வா வழிக்கு" என்று அவற்றைக் கரண்டியால் சுரண்டி மோரில் போட்டார். இழைகள் நின்றிருந்த வெளிறிய அடிப்பகுதியைக் காம்பு என்று கருதி அதையும் வாளியில் எறிந்தார். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பொரியல் தயாராயிற்று. மணம் குறையில்லாமல்தான் இருந்தது.

அவருடைய கணவர் தமிழ்மாறன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர், ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றார். மேலும் மென்றார். பிறகு இரண்டு கைகளாலும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

"என்னங்க?"

"ஏ செல்வி..." இருமலுக்கு நடுவே சொல் வந்தது. "தலகாணியக் கிழிச்சா பொரியல் வச்ச?"

"ஒங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு." பாண்டிச்செல்வியே ஒரு வாய் போட்டுப் பார்த்தார். இலவம்பஞ்சைத் தேங்காயோடு மென்றது போல இருந்தது. தொண்டையில் நூறு மயிரிழைகள் ஒட்டிக்கொண்டன.

"வீடியோ அனுப்புறேன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சுன்னு போன்ல சொன்னியே? பாக்க வேண்டியதுதான?"

"பேசாமச் சோத்துக்கு மோரு ஊத்திச் சாப்பிடுங்க."

வீடியோவைப் பார்க்க அவர் மனம் அப்போதும் ஒப்பவில்லை. தம் கணக்கு தவறியது எந்த இடத்தில் என்பதைத் தாமே கண்டுபிடித்தாக வேண்டும் என்றிருந்தது. பூவைத் தின்று பார்த்தாயிற்று. அது தின்னத் தக்கதன்று. அப்படியானால் எறிந்ததில்தான் சரக்கு இருக்க வேண்டும். குப்பை வாளியிலிருந்து ஒரு மடலை எடுத்துக் கழுவிக் கடித்தார். பச்சையாக இருந்ததால் கைத்தது. ஆனால் அடியில், விரல் நகம் அளவுக்கு, வெள்ளைச் சதை தடித்திருந்தது. அந்தச் சதையை முன்பல் தானாகவே வழித்தெடுத்தது.

"முருங்கக்காய்ல்ல இது!" என்று சமையலறையே அதிரும்படி சொன்னார்.

இரண்டாவது ஆர்டிசோக்கை உரிக்கவேயில்லை. நுனி முள்ளைக் கத்தரித்து, மேல்தலையைச் சீவி, வெட்டிய இடம் கறுக்காதிருக்க எலுமிச்சை தேய்த்து, இட்லிக் கொப்பரையில் முழுதாக வைத்து மூடினார். வெளிமடல் இழுத்த இழுப்புக்குச் சிரமமின்றிக் கையோடு வந்தபோது இறக்கினார். நல்லெண்ணெயில் எலுமிச்சைச் சாறு, உப்பு, இடித்த மிளகு, தட்டிய பூண்டுப்பல் ஒன்று; அவ்வளவே. கடுகு தாளிக்கக் கை பரபரத்தது. தாளித்தால் கடுகுதான் பேசும், காய் பேசாது என்று கையை அடக்கிக்கொண்டார்.

கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து மடல் மடலாகத் தொட்டுப் பல்லால் வழித்தார்கள். உள்ளே போகப் போகச் சதை கூடியது. நடுவிலிருந்த பஞ்சைப் பாண்டிச்செல்வி இந்தமுறை முழுவதுமாகச் சுரண்டி எறிந்தார். மிஞ்சிய அடிப்பகுதியைத் துண்டு போட்டு எண்ணெயில் புரட்டினார். மாவாகவும் இல்லை, நாராகவும் இல்லை. வெந்த பலாக்கொட்டையை நினைவூட்டும் ஒரு சுவை, பின்னால் மெல்லிய கசப்பு.

தமிழ்மாறன் தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பை உற்றுப் பார்த்தார். "தண்ணி இனிக்குது செல்வி. நெல்லிக்கா தின்ன மாதிரி."

"பொரியலுக்கு இருமுனீங்களே, இப்ப இருமுங்களேன்."

"இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. அதையும் வேகவைத்து, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எவ்வளவு உப்பு தாங்குகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பசுமலைக் கடை வாசலில் கொப்பரை ஆவி விட்டது. காய்கள் கூடையில் குவிந்திருந்தன. பீர் முகமது கல்லாவில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ரூபினா வீடியோவில் கண்டபடியே மேசையை அலங்கரித்திருந்தாள்: பெரிய தட்டில் வட்டமாக மடல்கள், நடுவில் கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பாண்டிச்செல்வி கலந்த டிரெஸ்ஸிங்.

முதலில் வந்தவர் ஓர் ஆட்டோக்காரர். "என்னக்கா இது, அன்னாசிப்பழத்துக்கு அம்மை போட்ட மாதிரி?"

"தின்னு பாத்துட்டுப் பேசுங்கண்ணே. கிண்ணத்துல தொட்டு, அடியப் பல்லால வழிங்க."

அவர் தொட்டார், வழித்தார், புருவத்தை உயர்த்தினார். "அட, நல்லாத்தான் இருக்கு!" என்று சொல்லி, அடுத்தடுத்துச் சில மடல்களைத் தின்றுவிட்டு, சவாரி வந்ததும் போய்விட்டார். மேசையைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எவரும் கை நீட்டவில்லை. நடைப்பயிற்சி முடித்து வந்திருந்த முத்துமீனா என்னும் பெண்மணி அருகில் வந்தார், கொப்பரையைப் பார்த்தார், பாண்டிச்செல்வியைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு?"

அந்தக் கேள்வி பாண்டிச்செல்விக்குப் பழகிய கேள்வி. நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படியே விடை சொன்னார். "பொறந்தது சமயநல்லூர்ப் பக்கம். இப்ப வில்லாபுரம். சமச்சது நாந்தேன். சாப்பிடுங்க."

முத்துமீனா ஒரு மடலை எடுத்தார். கிண்ணம் வரை கொண்டுபோனார். பிறகு ஓசைப்படாமல் மடலைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேரட் கூடைப் பக்கம் நகர்ந்தார்.

பாண்டிச்செல்வி அவர் போவதையே பார்த்தார். இங்குமா? பட்டப்பகலில், இத்தனை படித்தவர்கள் நடமாடும் தெருவிலுமா? கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கல்லாவிலிருந்து பீர் முகமது கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிந்தது. போனால் அடுத்த வாரம் இந்த இடத்தில் வெள்ளைத் தொப்பி நிற்கும். போகவில்லை. மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பந்தியைக் கவனித்த அதே கண்ணால் கூட்டத்தைக் கவனித்தார்.

இளைஞன் ஒருவன் வந்தான். மடலை எடுத்துத் தொட்டான், வழித்தான், அதே மடலை மறுபடியும் கிண்ணத்தில் முக்கினான். சுற்றி நின்றவர்களின் முகங்கள் ஒரு சேரச் சுருங்கின. அந்த முகங்கள் சமைத்தவர் பக்கம் திரும்பவேயில்லை. எல்லாருடைய கண்ணும் கிண்ணத்தின்மேல் இருந்தது.

"ஏ ரூபினா, இங்க வா," என்று பாண்டிச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். "யாருடி இந்தக் கிண்ணத்த நடுவுல வச்சது? ஊரு எச்சியெல்லாம் அதுலதான் கெடக்கு."

ரூபினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க வீட்டு விருந்துல ஒரே சஹன் தட்டுல நாலு பேரு ஒக்காந்து சாப்பிடுவோம்க்கா. எனக்கு அது தோணவே இல்ல."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னா எம்புட்டு பேரும் ஒரே தட்டுல திங்கலாம். முகந்தெரியாத ஆளு எச்சிய எவன் தொடுவான்? வாழையெல எடு. அந்தத் தூக்குவாளியக் கழுவிக் கொண்டா."

கிண்ணம் உள்ளே போயிற்று. எல்லாரும் காண, பாண்டிச்செல்வி தூக்குவாளியில் புதிதாக எண்ணெய் ஊற்றினார், எலுமிச்சையைப் பிழிந்தார், மிளகு தூவிக் கலக்கினார். ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு. அதில் நாலைந்து மடல், அடிப்பகுதியில் ஒரு துண்டு. பந்தியில் குழம்பு ஊற்றுகிற முறைப்படி, இலையில் படாமல் கரண்டியை உயர்த்திப் பிடித்து ஊற்றினார். வழித்த சக்கையைப் போட ஒரு கூடையும் பக்கத்தில் வந்தது.

"வாங்கம்மா, முருங்கக்காயத் திங்கிற வாயி இதுக்கும் போதும்! அவுகவுகளுக்குத் தனி எல. வாங்கண்ணே, நிக்காதீக!"

கேரட் கூடையிலிருந்து முத்துமீனா திரும்பி வந்தார். இலையை வாங்கிக்கொண்டார். முதல் மடலைக் கையால் வாயை மறைத்தபடி வழித்தார். மூன்றாவது மடலுக்குக் கை விலகிவிட்டது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க," என்று இலையை நீட்டினார். "கசக்குது, ஆனா விட மாட்டேங்குதே!"

"தண்ணி குடிச்சுப் பாருங்க, இனிக்கும்."

குடித்தார், சிரித்தார். "வீட்டுல இதச் செய்யுறது பெரிய வேலையா?"

"இட்லிக் கொப்பர இருக்குல்ல? முள்ள வெட்டி, எலுமிச்ச தேச்சு உள்ள வைங்க. மடல் சொன்ன பேச்சு கேட்டு வந்துச்சுன்னா வெந்துருச்சு. நடுவுல பஞ்சு இருக்கும், அதச் சொரண்டி எறிஞ்சிரணும். அதுல மட்டும் பொரியல் வச்சுறாதீக."

"ஏன், யாராச்சும் வச்சாங்களா?"

"எங்க வீட்டுக்காரருக்கு வச்சேன். இன்னும் இருமுறாரு."

அந்தச் சிரிப்பில் கூட்டம் நெருங்கியது. முத்துமீனா இரண்டு காய்களைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் நான்கு காய்கள் வாங்கினார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே கூடையின் அடி தெரிந்தது. பீர் முகமது கல்லாவை விட்டு எழுந்து, வரிசையில் கடைசி ஆளாக வந்து, இலைக்குக் கை நீட்டினார். மடல்களைப் பொறுமையாக வழித்து முடித்தார்.

"ஊத்தும்மா இன்னொரு கரண்டி," என்றார்.

"அத்தா, அந்த செஃப்புக்கு என்ன சொல்ல?" என்று ரூபினா குறும்பாகக் கேட்டாள்.

"நான் போன் போட்டு வேணாம்னுட்டேன். நீ சும்மா இரு."

முத்துமீனா பையை மாட்டிக்கொண்டு புறப்படும்போது திரும்பி, "அடுத்த சனிக்கிழமயும் நீங்கதான இருப்பீங்க?" என்று கேட்டார். ரூபினா வாயைத் திறப்பதற்குள் பீர் முகமதே, "எல்லாச் சனிக்கிழமையும்" என்று விடை சொன்னார்.

பாண்டிச்செல்வி கொப்பரையை இறக்கி வைத்தார். இடுப்பில் கையூன்றி, மேசையை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"அப்படின்னா பாய், இந்த மேச ரொம்பத் தணிவா இருக்கு. குனிஞ்சே நிக்க வேண்டியிருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள நல்லா ஒசரமா ஒண்ணு போட்டுருங்க."