கைத்துவக்குத் தோட்டாவும் ஒரு பெட்டை மானும்

வுப்பர்டாலில் நான் கோப்பை கழுவிய ரெஸ்டோரண்ட் எனக்குப் பின்னால் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. கடைசி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து காட்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். காலைத் தூறல். எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்டிருந்தால், நானும் உங்களைத்தான் கேட்டிருப்பேன்.

எதிரே வந்த கார் ஒன்று பக்கத்தில் நின்றது.

“டேய் ரஞ்சன், இஞ்சை என்னடா செய்யிறாய்?”

குணம் அண்ணை. ஹம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் வருடா வருடம் சந்திப்போம். எங்கள் ஆட்களில் வேட்டை லைசென்ஸ் எடுத்தவர் என்று எனக்குத் தெரிந்தது இவர் ஒருவர்தான். ஒருமுறை காட்டுக்குப் போகிற பச்சைத் தொப்பியோடு தேர் இழுக்க வந்து, மனைவியிடம் நடுவீதியில் ஏச்சு வாங்கியவர்.

“வேலையை விட்டுட்டன் அண்ணை.”

“இதையுமோ? ஏறு, ஏறு.”

ஏறினேன். அண்ணையின் முகம் சரியில்லை. கையெல்லாம் முள்ளுக் கீறல்.

“நேற்றுப் பின்னேரம் ஒரு மானுக்கு வெடி வைச்சனான். விழேல்லை… ஓடிட்டுது. விடியத் தொடக்கம் தேடுறன். காணேல்லை.”

பின் சீட்டில் துவக்கு உறைக்குள் கிடந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கீழேயுள்ள லீவரை அசைத்தால் அடுத்த தோட்டா ஏறுகிற ரகம். ரிவோல்வருக்குப் போடுகிற அதே தோட்டாவை இதற்கும் போடலாம். சுடுகிற கிளப்பில் வைத்து அண்ணை அதில் மயங்கிப்போனார்.

தோட்டா தெரிவு செய்ய எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா? இந்தத் துவக்கில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர் மூக்கென்றால் முன்னால் கிடப்பதின் அடியில் குத்தி, உள்ளேயே வெடித்துவிடலாம். ஆகவே மொட்டை மூக்கு வாங்கினார். மானைச் சுட நூறு மீற்றரில் இவ்வளவு பலம் மிஞ்சவேண்டும் என்று இங்கே சட்டம். அந்தக் கணக்கையும் போட்டார். சரிவந்தது. மூக்கில் குழி வைத்த, பாரம் குறைந்த ஒரு ரகத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

எல்லாம் சரிதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“காயப்பட்டதைத் தேட இஞ்சை பழக்கின நாய் இருக்கு. நாய்க்காரிக்குப் போன் அடிக்கவேணும். அதுதான் முறை.”

“அப்ப அடியுங்கோவன்.”

“அடிச்சா முதல் கேள்வி என்ன தோட்டா எண்டுதான் வரும். கிளப்பிலை ஒருத்தன் அப்பவே சொன்னவன், இது மானுக்குச் சரிவராது எண்டு. நான்தான் கணக்கைக் காட்டி அவன்ரை வாயை மூடினனான். காட்டைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தெரிஞ்சா என்னை வெளியிலை விட்டிடுவார். அந்தக் கூட்டத்திலை ஒரே கறுப்பன் நான். அவங்களிலை ஒருத்தன் பிழைவிட்டா அது அவன்ரை பிழை. நான் விட்டா… ‘அவங்கள் இப்பிடித்தான்’ எண்டு முடிஞ்சுபோம்.”

அண்ணையை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களின் வைத்தியம் இதுதான் — எதையும் முதலில் மறைப்பது. அகதியாக வந்த நாளில் பிடித்த பழக்கம். பாஸ்போர்ட் மாறினாலும் அது மாறுவதில்லை.

“அண்ணை… அது இன்னும் சாகேல்லையெண்டால்?”

கார் ஓரத்தில் நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யுத்த காலத்தில் ஊரில் பற்றைக்குள் காயத்தோடு கிடந்தவர்களை எங்கள் இருவருக்கும் தெரியும். தேடிப்போக ஏலாமல் நின்றவர்களும் நாங்கள்தான்.

அண்ணை போனை எடுத்தார்.

நாய்க்காரியின் பெயர் ஊர்சுலா. அறுபது வயதிருக்கும். முழங்காலில் பட்டி, செம்மஞ்சள் ஜக்கெற். நாயின் பெயர் பெல்லா. வெடி பட்ட இடத்தில் அண்ணை ஒரு கொப்பு முறித்து அடையாளம் வைத்திருந்தார். பெல்லா அங்கே மூக்கை வைத்தது. பிறகு நீளக் கயிற்றில் எங்களை இழுத்துக்கொண்டு போனது. அண்ணை காலையில் மிதித்துக் குழப்பிய இடத்தில் மட்டும் சுற்றிச் சுற்றி நின்றது. ஊர்சுலா அண்ணையைத் திரும்பிப் பார்த்தாள்.

முட்பற்றைக்குள் கிடந்தது. பெட்டை மான், குட்டி என்றுகூடச் சொல்லலாம். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தது. முன்னங்கால் வரவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

உயிரோடு. ஒரு முழு இரவும்.

ஊர்சுலா முடித்துவைத்தாள்.

பிறகு தோளைக் கத்தியால் திறந்து காட்டினாள். இறைச்சி கூழாகியிருந்தது. அதற்குள் செம்புத் துணுக்குகள். என்ன தோட்டா என்று கேட்டு, அண்ணை எடுத்துக் காட்டியதை வாங்கிப் பார்த்தாள். “இது ரிவோல்வரின் வேகத்துக்குச் செய்தது. உன்னுடைய நீளக் குழாயில் கூட வேகமாகப் போயிருக்கிறது. தோளில் பட்டதும் சிதறிவிட்டது, நெஞ்சுக்குள் போகவேயில்லை. பாரமான, இறுகிய சன்னம் போட்டிருக்கவேண்டும்.”

“பலத்தின்ரை கணக்குச் சரியாத்தானே வந்தது…” அண்ணை தமிழில் சொன்னார். அவளுக்கு அல்ல.

கணக்கு சரிதான். சட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்தோம், மானுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை. நம் வாழ்க்கையில் முக்கால்வாசிப் பிழை இந்த வகைதான், இல்லையா?

ஊர்சுலா ஒரு சின்னக் கொப்பை மானின் வாயில் வைத்தாள். கடைசி உணவு என்று இங்கே ஒரு மரியாதை. இன்னொன்றை முறித்து, சுட்டவர் தொப்பியில் செருகவேண்டியது என்று அண்ணையிடம் நீட்டினாள். அண்ணை வாங்கினார். தொப்பியில் செருகவில்லை. குனிந்து பெல்லாவின் கழுத்துப்பட்டியில் செருகினார்.

காட்டைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அண்ணையே போன் செய்து, தோட்டாவின் பெயரோடு சொன்னார். மறுபக்கத்திலிருந்து வந்த பதில் நீளமில்லை. இனிக் காட்டுக்கு வரவேண்டாம்.

“சத்தம் போட்டவரோ அண்ணை?”

“இல்லையடா. சத்தம் போட்டிருக்கலாம்.”

அண்ணை என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டுக்கு விருந்தாளி தேவையில்லை என்று எனக்குத் தெரிந்தது. முதுகுப் பையோடு ரோட்டில் நின்றேன். ஊர்சுலா பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்றாள். வேலை இருக்கிற இடத்துக்கு என்றேன். நடப்பாயா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்றேன்.

அடுத்த நாள் காலை வேலை தொடங்கியது. நாய் பழக்குவதற்குத் தடம் போடும் வேலை. அடியில் மான் குளம்பு பொருத்திய ஒரு சோடிச் சப்பாத்து. போத்தலில் கொஞ்சம் இரத்தம், அங்கங்கே ஒரு சொட்டு விடவேண்டும். தடம் ஒரு நாள் கிடந்தபின் பெல்லா வந்து பிடிக்கும்.

“யாருடைய குளம்பு?” என்று கேட்டேன்.

“நேற்றையதுதான்” என்றாள் ஊர்சுலா.

காலில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தேன். இந்த நாட்டில் எத்தனையோ இடத்தை விட்டு நடந்திருக்கிறேன்… ஒரு உயிர் பின்னால் தேடி வரும் என்று தெரிந்து நடந்தது இதுதான் முதல் தடவை.